அட்லாண்டா பள்ளியில் டார்வின் உண்டா?

தம்பி, அடுத்த மாதம் குடும்பத்தோடு அட்லாண்டா வருகிறீர்கள், பெண் ஒன்பதாவது சேர வேண்டும். "அந்தப் பக்கம் பள்ளியில் பரிணாமத்துக்குப் பதில் பைபிள் படைப்புக் கதைதான் நடத்துகிறார்களாமே, பேசாமல் பிரைவேட்டில் சேர்த்துவிடலாமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

அவசரப்படாதீர்கள். இங்கே கதை தலைகீழ். அரசுப் பள்ளியில் படைப்புவாதத்தை அறிவியல் என்று நடத்தக் கூடாது என லூசியானா வழக்கில் 1987-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தடை தனியார் பள்ளிக்குக் கிடையாது. சர்ச் சார்ந்த சில பள்ளிகளில் பூமிக்கே வயது ஆறாயிரம் வருடம்தான் என்று சொல்லித்தருவார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் பீஸ் கட்டினால் நல்ல பள்ளி என்று போனால், எதற்குப் பயந்தீர்களோ அங்கேயே போய் நிற்பீர்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது மொத்தமும் கட்டுக்கதையும் இல்லை. இங்கே அட்லாண்டாவை ஒட்டிய காப் கவுண்டியில் 2002-ல் பயாலஜி புத்தகங்களின் முன் அட்டைக்கு உள்ளே ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள்: பரிணாமம் ஒரு தியரிதான், உண்மை என்று நிலைநாட்டப்பட்டதல்ல என்று. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2005-ல் நீதிபதி எடுக்கச் சொல்ல, ஒட்டியதை எல்லாம் சுரண்ட வேண்டியதாயிற்று. அப்பீல், இழுபறி எல்லாம் முடிந்து, இனி ஒட்ட மாட்டோம் என்று 2006 கடைசியில் ஸ்கூல் போர்டு ஒப்புக்கொண்டது.

அதே 2005-ல் பென்சில்வேனியாவின் டோவரில் நடந்த வழக்கு இன்னும் சுவாரசியம். படைப்புவாதம் என்றால் கோர்ட் விடாது என்பதால் அந்த ஊர் ஸ்கூல் போர்டுக்காரர்கள் 'இன்டெலிஜென்ட் டிசைன்' (உயிர்களை ஏதோ ஓர் அறிவுள்ள சக்தி வடிவமைத்தது என்ற வாதம்) என்று பெயர் மாற்றி வந்தார்கள். அவர்கள் சிபாரிசு செய்த புத்தகத்தின் பழைய வரைவுகளைக் கோர்ட்டில் வரவழைத்துப் பார்த்தால், 'படைப்புவாதிகள்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'டிசைன் ஆதரவாளர்கள்' என்று போடும்போது ஓரிடத்தில் பழைய சொல்லின் தலையும் வாலும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது! அதுவும் அறிவியல் அல்ல, மதம்தான் என்று தீர்ப்பானது.

சரி, நடைமுறைக்கு வருவோம். பாடம் இருக்கும், நடத்துவதில்தான் சுருங்கும். என் மகனுக்கு டிஎன்ஏ மூன்று வாரம் ஓடியது, பரிணாமம் மூன்றே நாள். மீதியை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் ஆசிரியர். யாரும் அவரைத் தடுக்கவில்லை. ஏதாவது ஒரு பெற்றோர் கோபமாக மெயில் போடுவார்களோ என்ற தயக்கம்தான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வருடக் கடைசியில் மாநிலத் தேர்வில் அதிலிருந்தும் கேள்வி வரும். ஆகஸ்டில் பள்ளி திறந்ததுமே பயாலஜி சிலபஸில் எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். குறைவாக இருந்தால் ஆசிரியரிடம் நேரில் கேளுங்கள், நம் ஆட்களைப் போலக் கூச்சப்பட வேண்டாம்.

பெண் சிபிஎஸ்இயா? அப்படியென்றால் இன்னொன்று. சிபிஎஸ்இ பாடப்புத்தகங்களை வெளியிடும் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியையே எடுத்துவிட்டது. அங்கேயே இருந்திருந்தால் அடுத்த வருடம் அவளுக்கு இந்த மூன்று நாள்கூடக் கிடைத்திருக்காது.