சந்தியாகப்பர் பாதையில் மலைச் சைக்கிள்: வாசகர் கேள்விகள்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள சந்தியாகோ தே கொம்போஸ்தேலா பேராலயத்துக்குப் போகும் யாத்திரைப் பாதைகளில் ஒன்று, பிரெஞ்சு எல்லையிலுள்ள இருன் நகரில் தொடங்கி வடகடலோரமாக 800 கி.மீ.க்கு மேல் நீள்கிறது. நம் கடலோரக் கத்தோலிக்க ஊர்கள் சந்தியாகப்பர் என்று வணங்கும் திருத்தூதர் யாக்கோபு அந்தப் பேராலயத்தில் அடக்கமாகியிருப்பதாக நம்பிக்கை. பாதையின் தொடக்கமான பாஸ்க் கடற்கரையை, இருன் முதல் தேபா வரை, மலைச் சைக்கிளில் கடப்பது பற்றி வந்த கேள்விகள் இவை.

கே: இருன் முதல் தேபா வரை சுமார் 70 கி.மீ. என்கிறார்கள். தார்ச்சாலையில் ஒரு நாளில் 100 கி.மீ. சாதாரணமாக ஓட்டுவேன். இதை ஒரே நாளில் முடிக்கலாமா? (பாரிஸ் வாசகர்)

ப: வேண்டாம், இரண்டு நாள் வையுங்கள். கடலோரப் பாதை என்றதும் சமதளம் என்று நினைத்துவிடுகிறோம். இங்கே மலை நேராகக் கடலில் இறங்குகிறது. ஆறு கடலில் சேரும் இடத்தில்தான் ஊர் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு ஊரிலும் கடல்மட்டத்துக்கு இறங்கி, மறுபடி மலை ஏற வேண்டும். பையோடு போகும்போது மணிக்கு 8 முதல் 10 கி.மீ. கிடைத்தாலே நல்ல வேகம்.

முதல் நாள் இருனிலிருந்து சான் செபஸ்தியான், சுமார் 25 கி.மீ. குவாதலூப்பே சிற்றாலயம் வரை ஏற்றம். அங்கே பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று ஹைஸ்கிபெல் மலையின் முதுகு வழியே மேலே போகிறது. காட்சி அருமை, ஆனால் நிறைய தூரம் தள்ளித்தான் ஏற வேண்டும். மற்றது மலையின் இடுப்பை ஒட்டிய அகலமான மண்பாதை. சைக்கிளுக்கு அதுதான். மழை பெய்து மண் ஊறியிருந்தால் இரண்டையும் விட்டு ஜிஐ-3440 மலைச்சாலையில் போய்விடுங்கள்.

இறங்கினால் பசாய் தொனிபானே. துறைமுக வாயைப் படகில் கடக்க வேண்டும், சில நிமிடம்தான். சைக்கிளை ஏற்றிக்கொள்வார்கள். சில்லறை கையில் இருக்கட்டும். அக்கரையில் யாத்திரைக்கு வழிகாட்டும் மஞ்சள் அம்புக்குறி உங்களைக் கலங்கரை விளக்கத்துக்குப் போகும் நீண்ட படிக்கட்டுக்கு அனுப்பும். நடப்பவர்களுக்கு அழகான வழி. 20 கிலோ சைக்கிளைச் சுமந்து ஏறுவதால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது, எதிரே இறங்குபவர்களுக்கும் இடைஞ்சல். துறைமுகத்தை ஒட்டிய சாலையில் நகருக்குள் போங்கள். அம்புக்குறியை விட்டு விலகுவது யாத்திரையை ஏமாற்றுவது ஆகாது. நடப்பவர்களுக்காகப் போட்ட குறி அது.

இரண்டாம் நாள் இகெல்தோ மலை ஏற்றம், ஓரியோ, சரவுத்ஸ், கெத்தாரியா, சுமாயா, தேபா. சரவுத்ஸிலிருந்து கெத்தாரியாவுக்குக் கடலை ஒட்டியே சாலையும் நடைபாதையும் உண்டு. சுமார் 4 கி.மீ., இரண்டு நாளிலும் கால்கள் இளைப்பாறும் இடம் இதுதான். கடல் கொந்தளிக்கும் நாளில் அலை சாலை மீதே விழும், அன்று போகாதீர்கள். சுமாயாவில் புத்தக அடுக்குபோல் நிற்கும் பாறைப் படிவங்களைப் பார்க்கச் சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்து போங்கள். அந்த விளிம்புப் பாதை சைக்கிளுக்கு ஏற்றதல்ல. தேபாவுக்கு முன்னுள்ள இத்சியார் ஊரிலிருந்து தேபாவுக்கு இறங்கும் வழி மிகச் செங்குத்து. கைவிரல் மரத்துப்போனால் நின்றுவிடுங்கள். ஈரமாக இருந்தால் என்-634 சாலையில் இறங்கலாம்.

கே: பழைய கல் பாவிய பாதைகளில் சைக்கிள் வழுக்குகிறது. டயரில் எவ்வளவு காற்று வைப்பது, பிரேக்கை எப்படிப் பிடிப்பது? (கோவை வாசகர்)

ப: இந்தப் பாதையில் அதிகம் பேர் விழுவது அங்கேதான். ஓரியோவுக்கு இறங்கும் வழியிலும், கெத்தாரியாவிலிருந்து அஸ்கிசுவுக்கு ஏறும் வழியிலும் அப்படிப்பட்ட கற்கள் உண்டு. சான் செபஸ்தியானில் ஆண்டுக்கு 1,500 மி.மீ.க்கு மேல் மழை. நம்மூர்போல் ஒரு பருவத்தில் கொட்டித் தீர்ப்பதில்லை, ஆண்டு முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். மரநிழலில் கிடக்கும் கல்லில் பாசி காய்வதே இல்லை.

75 கிலோ எடையுள்ளவர், 6 கிலோ பை, 29 அங்குலச் சக்கரத்தில் 2.3 அங்குல டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயர் என்றால் முன்னே 21–22, பின்னே 24–25 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்குங்கள். சக்கரத்துக்கு 100–120 மி.லி. சீலன்ட் (சிறு ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்). டியூப் போட்டிருந்தால் ஐந்தாறு பிஎஸ்ஐ கூட்டுங்கள். இல்லையென்றால் கல் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழும். 40 பிஎஸ்ஐ வைத்தால் டயர் கல்லைப் பற்றாமல் துள்ளும். ரிம்மில் கல் மோதும் சத்தம் ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று முறை கேட்டால் 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள்.

வேகத்தைக் கல் தொடங்கும் முன்பே மண்ணில் குறையுங்கள். ஈரக் கல்லின் மேல் முன் பிரேக்கை இறுக்கினால் முன்சக்கரம் பக்கவாட்டில் நழுவும். அதைத் திரும்பப் பிடிக்க நேரம் இருக்காது. பெடல் இரண்டும் சமமட்டத்தில், எடை காலில், ஹேண்டில்பார் நேராக. நீளவாக்கில் ஓடும் கல் இடுக்கில் முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும், அதைக் குறுக்காகத் தாண்டுங்கள். திருப்பம் இருந்தால் இறங்கி நடங்கள். அப்போதுதான் செருப்புப் பிரச்சினை வரும். அடியில் இரும்புக் கொக்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பந்தயக் காலணி ஈரக் கல்லில் உங்களைத் தள்ளிவிடும். ரப்பர் அடிப்பாகம் ஆழமாக வெட்டிய காலணியும் தட்டைப் பெடலும் போதும்.

கே: புது பிரேக் பேட் இரண்டே நாளில் தேய்ந்துவிட்டது. மட்டமான சரக்கா? (லண்டன் வாசகர்)

ப: சரக்கு நல்லதாகவே இருந்திருக்கலாம். ரெசின் (பிசின் கலவை) பேட் சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் மணல் கலந்த சேறு ரோட்டாருக்கும் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) பேடுக்கும் நடுவே உப்புத்தாள்போல் அரைக்கும். இறக்கம் முழுக்க லேசாகப் பிடித்தபடியே வருவது அதைவிடக் கேடு. திடமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு, மறுபடி பிடியுங்கள்.

இங்கே உலோகக் கலவை பேட்தான் ஏற்றது. மாற்றும் முன் ரோட்டாரைப் பாருங்கள். ‘ரெசின் பேட் மட்டும்’ என்று பொறித்திருந்தால் உலோகப் பேட் அந்த ரோட்டாரையே தின்றுவிடும், ரோட்டாரையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய பேடைக் கழற்றியதும் பிளாஸ்டிக் டயர் நெம்புகோலால், பேடை அழுத்தும் பிஸ்டன்களை உள்ளே தள்ளுங்கள். சக்கரம் கழன்றிருக்கும்போது பிரேக் பிடியைத் தொடாதீர்கள், பிஸ்டன் வெளியே வந்துவிடும். புதுப் பேடை மாட்டியபின் மணிக்கு 20 கி.மீ. வேகத்திலிருந்து நடைவேகத்துக்கு, சக்கரம் பூட்டாமல், ஒவ்வொரு பிரேக்கையும் 20 முறையாவது பிடித்துப் பழக்குங்கள். அப்படிப் பழக்காத பேட் கீச்சிடும், பிடிக்காது. பேடின் உராய்வுப் பகுதி 1 மி.மீ.க்கு வந்தால் மாற்ற வேண்டியதுதான். ஒரு ஜோடி உபரி பையில் இருக்கட்டும். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஸ்பிரே அடிக்காதீர்கள், ஒரு துளி ரோட்டாரில் பட்டாலும் பேட் கெட்டது.

கே: பின் கேரியரில் இரண்டு பக்கப் பை மாட்டலாமா? (சேலம் வாசகர்)

ப: கல்பாதையின் அதிர்வில் கேரியர் திருகுகள் தளரும். தள்ளி ஏற்றும்போது பை காலில் இடிக்கும். இருக்கைக்குப் பின்னே ஒரு நீளப் பை, ஹேண்டில்பாரில் ஒரு சுருட்டுப் பை, நடுச்சட்டத்தில் கருவிப் பை. மொத்தம் 6 முதல் 8 கிலோ, அதற்கு மேல் வேண்டாம். உங்கள் சைக்கிளுக்கே பொருந்தும் டிரெய்லியர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு இணைக்கும் துண்டு) ஒன்று, உங்கள் செயினின் கியர் எண்ணிக்கைக்கு ஏற்ற இணைப்புக் கண்ணி, டியூப்லெஸ் ஓட்டை அடைக்கும் பட்டைகள், ஒரு டியூப் ஆகியவற்றை மறக்க வேண்டாம். ஹேங்கர் மாடலுக்கு மாடல் மாறும், வழியில் கடையில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். முன் பல்சக்கரம் 30 பல், பின்னே பெரியது 51 பல் இருந்தால் ஏற்றங்களில் முழங்கால் தப்பிக்கும். மாலையில் உப்புக்காற்றுப் பட்ட சைக்கிளைச் சாதாரண நீரால் கழுவித் துடைத்துச் செயினுக்கு ஈரகால எண்ணெய் விடுங்கள். பேரிங் பக்கம் வேகநீர் பீய்ச்ச வேண்டாம்.

கே: இந்த இரண்டு நாள் ஓட்டத்துக்கு யாத்திரைச் சான்றிதழ் உண்டா?

ப: இல்லை. சைக்கிளில் வருபவர் சந்தியாகோவை வந்தடையும் கடைசி 200 கி.மீ.யையாவது ஓட்டியிருக்க வேண்டும் (நடப்பவருக்கு 100). யாத்திரை அட்டையில் நாளுக்கு இரண்டு முத்திரை வேண்டும். பிறகு தொடரும் எண்ணம் இருந்தால் இருனிலிருந்தே அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கே: நடந்து போகும் யாத்ரிகர்கள் சைக்கிளைக் கண்டால் முகம் சுளிக்கிறார்களே?

ப: பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்தால் யாரும் சுளிப்பார்கள். 20 மீட்டருக்கு முன்பே மணி அடியுங்கள், நடைவேகத்துக்குக் குறையுங்கள், ‘புவேன் கமினோ’ (பயணம் நல்லபடி அமையட்டும்) என்று சொல்லிக் கடந்து போங்கள். ஒற்றையடிப் பாதையில் நீங்கள்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். மாட்டு வேலிக் கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். பொதுச் சத்திரங்கள் பலவற்றில் நடந்து வருபவருக்கே முதலில் படுக்கை தருவார்கள், எனவே தங்குமிடத்தை முன்பதிவு செய்வது நல்லது.

கே: தேபாவிலிருந்து திரும்புவது எப்படி?

ப: யூஸ்கோத்ரென் ரயிலில் சான் செபஸ்தியானின் அமரா நிலையம், அங்கே வண்டி மாறிப் பிரெஞ்சு எல்லையில் உள்ள ஹெந்தாய். சைக்கிளை ஏற்றலாம், அலுவலக நேர நெரிசலைத் தவிருங்கள். நடுவழியில் முடியவில்லை என்றால் ஓரியோ, சரவுத்ஸ், சுமாயா மூன்றிலும் இதே ரயில் நிற்கும். கெத்தாரியாவில் நிலையம் இல்லை.