செயலியை நீக்கிய பிறகும் காசு போகிறதே!

கேள்வி: மகள் தொடக்கநிலை 5. பள்ளியில் ஸ்கிராபிள் (எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஆட்டம்) ஆடுகிறாள். கையில் உள்ள எழுத்துகளைக் கொடுத்தால் ஆங்கிலச் சொற்களைக் காட்டும் செயலி ஒன்றை ஐஃபோனில் இறக்கினேன். 3 நாள் இலவசம் என்று போட்டிருந்தது. பிடிக்காமல் மறுநாளே நீக்கிவிட்டேன். ஆனால் வாரா வாரம் கார்டிலிருந்து 6.98 வெள்ளி போகிறது. எப்படி நிறுத்துவது? இதைவிட நல்ல செயலி எதை வாங்கலாம்? (யீஷூன் வாசகி)

பதில்: முதலில் ஓட்டையை அடைப்போம். செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. அது உங்கள் ஆப்பிள் கணக்கில் உட்கார்ந்திருக்கும். செட்டிங்ஸில் மேலே உள்ள உங்கள் பெயரைத் தொட்டு, சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். அப்புறம் ஆப்பிளின் 'ரிப்போர்ட் எ பிராப்ளம்' பக்கத்தில் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். உறுதியாகக் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன், கேட்பதில் நஷ்டமில்லை. பயனீட்டாளர் சங்கத்திடமும் முறையிடலாம்தான். ஆனால் செயலியை நடத்துபவர் வெளிநாட்டில் இருந்தால் ஆப்பிள் வழிதான் சீக்கிரம். இனி இலவச நாள்களோடு எதை எடுத்தாலும், அவை முடிய 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்துவிடுங்கள்.

வாரம் 6.98 என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 363 வெள்ளி. எழுத்துகளைக் கொடுத்துச் சொல் தேட அவ்வளவு எதற்கு? எதற்குமே காசு வேண்டாம் என்பேன். இந்த வேலையை இலவசமாகச் செய்யும் தளங்கள் நிறைய உண்டு. செயலி பிடிக்கவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் கேட்டது ஒன்று, அது காட்டியது வேறாக இருந்திருக்கும்.

ஆர், ஈ, ஏ, டி (R, E, A, D) என்ற நான்கு எழுத்துகளை வைத்துப் பாருங்கள். நான்கையும் கலைத்து அடுக்கினால் ரீட், டியர், டேர் போன்ற சொற்கள். நான்கில் சிலவற்றை மட்டும் எடுத்தால் ரெட், இயர். நான்கும் இருக்கவேண்டும், வேறு எழுத்தும் சேரலாம் என்றால் பிரெட், டிரேட், கார்டன் எல்லாம் வரும். இவை மூன்றும் வெவ்வேறு தேடல்கள். ஆட்டத்தில் உங்கள் மகளுக்கு வேண்டியது இரண்டாவதும், பலகையில் கிடக்கும் எழுத்தையும் சேர்த்துக்கொள்ளும் மூன்றாவதும். தளத்தில் எந்தப் பெட்டியில் தட்டுகிறோம் என்று பார்த்துத் தட்டினாலே பாதிக் குழப்பம் தீரும்.

அகராதியையும் கவனியுங்கள். சிங்கப்பூரில் போட்டிகளுக்கு, ஆட்டத்தில் எந்தச் சொல் செல்லும் என்று காட்டும் காலின்ஸ் பட்டியல்தான். பல செயலிகளில் அமெரிக்கப் பட்டியல் முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். சி, எச் என்ற இரண்டெழுத்துச் சொல் காலின்ஸில் செல்லும், அமெரிக்கப் பட்டியலில் செல்லாது. க்யூ வந்து யூ வராத நாளுக்கு க்யூ, ஐ சேர்ந்த 'ச்சீ' இரண்டிலும் செல்லும், 11 புள்ளி. சீனத்தில் அது உயிர்மூச்சு. பொருளை வகுப்பில் உள்ள சீனத் தோழியே சொல்லிவிடுவாள். (நம்ம இட்லியும் தோசையும்கூட காலின்ஸில் உண்டு. கட்டுமரம் தந்த 'கேட்டமரன்' 9 எழுத்து. கையில் 7 கட்டைதான் இருக்கும், மீதி இரண்டுக்குப் பலகையை நம்பவேண்டும்.)

காசு செலவழித்தே ஆகவேண்டும் என்றால் புத்தகம் வாங்குங்கள், ஆனால் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். போட்டிக்கான சொற்பட்டியல் நூலில் சொற்கள்தான் வரிசையாக இருக்கும், பொருள் இருக்காது. பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்கத்தோடு உள்ள அகராதிதான் சரி. இரண்டெழுத்துச் சொற்கள் 120-க்குச் சற்று மேல்தான். ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடலாம்.

கேள்வி: பழைய ஸ்கிராபிள் பெட்டி ஒன்றை ஒருவர் இணையத்தில் விற்கிறார். எதைப் பார்த்து வாங்குவது? (பிடோக் வாசகர்)

பதில்: கட்டைகளை எண்ணுங்கள். ஆங்கிலப் பெட்டியில் 98 எழுத்துக் கட்டை, 2 வெற்றுக் கட்டை, ஆக 100. ஈ மட்டும் 12 இருக்கவேண்டும். க்யூ, இஸட், ஜே, எக்ஸ் தலா ஒன்றுதான்.  தனிநபர் தனிநபருக்கு விற்பதைப் பயனீட்டாளர் சட்டம் காப்பாற்றாது, அதனால் பணத்தைக் கொடுக்கும் முன், நேரில், அவர் எதிரிலேயே எண்ணிவிடுங்கள்.