கை வெடிப்புக்குப் புது க்ரீம் போடலாமா?

கேள்வி: மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கிறேன். ஒரு வருஷமாகக் கையெல்லாம் அரிப்பு, விரல் மடிப்பில் வெடித்து ரத்தம். ஸ்டீராய்டு க்ரீம் போட்டால் ஆறுகிறது, விட்டால் திரும்புகிறது. ஸ்டீராய்டு இல்லாத க்ரீம் வந்திருக்கிறதாமே? இது பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: எக்ஸிமா (அரிப்போடு வரும் தோல் அழற்சி) என்றால் ஒட்டாது, பிள்ளைக்குத் தாராளமாகச் சோறு ஊட்டுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட கை எக்ஸிமா என்போம்; சோப்புத் தண்ணீர் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிட, காய்ந்து வெடித்த இடத்தில் புளியும் மிளகாயும் பட்டால் எப்படி எரியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் கேள்விப்பட்டது டெல்கோசிட்டினிப். ஐரோப்பாவில் 2024-லும் அமெரிக்காவில் 2025-லும் அனுமதி கிடைத்தது. அழற்சியைக் கிளப்பும் ஜேக் என்சைம்களைத் தடுக்கும். ஸ்டீராய்டு போதாத பெரியவர்களுக்கு, தினம் இரண்டு வேளை. ஆனால் அதைத் தேடி அலையுமுன் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், ஏனென்றால் படர்தாமரையும் இப்படித்தான் தெரியும், அதில் ஸ்டீராய்டைத் தடவினால் இன்னும் பரவும் (மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமில் பாதித் தொல்லை அதுதான்). ரப்பர் கையுறையே ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, பேட்ச் டெஸ்டில் (சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) தெரிந்துவிடும். அதுவரை பருத்திக் கையுறை, அதன்மேல் வினைல் கையுறை; உள்ளே நனைந்தால் உடனே மாற்றுங்கள். கை கழுவியதும் ஈரம் ஒற்றிவிட்டு வாசலின், விரலில் மோதிரம் இருந்தால் கழற்றிவிட்டு.