நாணலுக்குள் நிற்கும் புலியை நீர்வண்ணத் தாளுக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: நாணல்களுக்கிடையே நின்று தண்ணீர் குடிக்கும் புலியை, நீரில் விழும் பிம்பத்தோடு பெரிய அளவில் வரைய முயல்கிறேன். நீர்வண்ணத் தாளிலேயே வரைந்து, அழித்து, மீண்டும் வரைகிறேன். வண்ணம் பூசியதும் அழித்த இடங்கள் திட்டுத்திட்டாகக் கறுக்கின்றன. கார்பன் தாள் வைத்து நகலெடுக்கலாமா?

பதில்: அலுவலகக் கார்பன் தாளைத் தொடவே வேண்டாம். அதன் பூச்சில் மெழுகும் எண்ணெயும் இருப்பதால் கோடு அழியாது. அதன்மேல் நீர்வண்ணமும் சரியாகப் பிடிக்காது.

திட்டுகளுக்குக் காரணம் ரப்பர்தான். நல்ல நீர்வண்ணத் தாளில் ஜெலட்டின் போன்ற பசைப்பூச்சு இருக்கும். வண்ணம் சட்டென்று உள்ளே இறங்கிவிடாமல் தடுப்பது அதுவே. தேய்க்கத் தேய்க்க அது பெயர்ந்து, தாளின் இழைகள் எழும்பி, அந்த இடம் வண்ணத்தை அப்படியே குடித்துவிடுகிறது. ஆகவே, எல்லாத் தடுமாற்றங்களையும் மலிவான தாளில் முடித்துவிடுங்கள்.

முதலில் உள்ளங்கை அளவில் நாலைந்து சின்னப் படங்கள். அவற்றில் புலியின் வரிகள் வேண்டாம். வெளிச்சம், இடைநிழல், இருள் என்று மூன்று சாயல்கள் போதும். சிறிய படத்தில் புலி நாணலிலிருந்து பிரிந்து தெரியாவிட்டால், பெரிய படத்திலும் தெரியாது.

பிறகு, இறுதி அளவிலேயே புலியை ஒரு ட்ரேசிங் தாளிலும் நாணலை இன்னொன்றிலும் வரையுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. நாணல் தாளை இப்படியும் அப்படியும் நகர்த்தினால், எந்தத் தண்டு கண்ணை வெட்டுகிறது, எது முதுகுக்கோட்டோடு ஒட்டிக்கொண்டு குழப்புகிறது என்பது உடனே தெரிந்துவிடும். புலித் தாளைத் திருப்பிப்போட்டும் பாருங்கள். பழகிய கண்ணுக்குத் தப்பிய கோணல்கள் வெளிப்படும். ஆனால் மீண்டும் நேராக வைக்க மறக்காதீர்கள். புலியின் இரு பக்க வரிகளும் ஒன்றுபோல இருப்பதில்லை.

பிம்பத்தில் ஒரு பொறி இருக்கிறது. புலியின் உருவத்தைத் தலைகீழாக நகலெடுத்தால் பொய்யாகத் தோன்றும். மேலிருந்து பார்க்கும் நமக்கு விலங்கின் முதுகு தெரியலாம். நீரிலோ தாடையின் அடிப்புறமும் மார்பும்தான் அதிகம் தெரியும். பிம்பத்தைத் தனியாக வரையுங்கள். ஒவ்வொரு புள்ளியின் பிம்பமும் அதற்கு நேர் கீழேயே விழ வேண்டும் என்பதை மட்டும் அளவுகோலால் சரிபாருங்கள்.

இனி, படத்தை நீர்வண்ணத் தாளுக்கு மாற்றுவது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாளானால், கீழிருந்து ஒளி தரும் பிரகாசமான லைட் பாக்ஸில் கோடு தெரியலாம். 640 என்றால் எதிர்பார்க்காதீர்கள். தாளை நனைத்துப் பலகையில் இழுத்து ஒட்டும் வழக்கம் இருந்தால் அதை முதலில் முடித்து, நன்றாகக் காய்ந்தபின் படத்தை மாற்றுங்கள். ட்ரேசிங் தாளின் பின்புறம், கோடுகள் உள்ள இடத்தில் மட்டும் 2பி பென்சிலால் தேய்த்து, உதிரித் தூளை மென்தாளால் துடைத்துவிடுங்கள். அதை நீர்வண்ணத் தாளின் மேல் வைத்து, மேல் விளிம்பை மட்டும் டேப்பால் ஒட்டினால், நகராமல் தூக்கித் தூக்கிப் பார்க்கலாம். கோடுகளின் மேல் சிவப்புப் பந்துமுனைப் பேனாவை மெல்ல ஓட்டுங்கள். எந்தக் கோடு முடிந்தது என்பது தெரியும். அழுத்தினால் தாளில் பள்ளம் விழும், வண்ணம் அங்கே போய்த் தேங்கும்.

எதை மாற்றுவது என்பதில் கஞ்சத்தனம் வேண்டும். கண், அதன் ஒளிப்புள்ளி, மூக்கு, வரிகளின் விளிம்பு, முன்னால் உள்ள நாணல்கள், நீர்க்கோடு ஆகியவை போதும். ஒவ்வொரு மயிரையும் மாற்றுவது வீண். ரோமம் படியும் திசையை அங்கங்கே சிறு கோடாகக் காட்டினால் தூரிகை பார்த்துக்கொள்ளும். நுண்ணிய ரோமத்துக்கு வழவழப்பான ஹாட் பிரஸ் தாள் இன்னும் தோதானது.

தண்ணீர் பட்டுக் காய்ந்த பென்சில் கோடு எளிதில் அழியாது. அதனால் பிசையும் ரப்பரை உருட்டி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, கோடுகள் மங்கலாகத் தெரியும் அளவுக்குக் கொண்டுவந்தபின் தூரிகையை நனையுங்கள்.