ஒரே நாட்டுச் சுருட்டு, இரண்டு குணம்

இரண்டுமே நிகராகுவா சுருட்டு, ஒன்று மிளகுக் காரம், மற்றது இனிப்பு, எது போலி என்று கேட்டிருக்கிறீர்கள். இதை வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. நிகராகுவாவின் எஸ்டெலி பள்ளத்தாக்கில் கனத்த கரிய எரிமலை மண். இலை தடித்துக் காரம் ஏறும். அதே நாட்டில் ஹொண்டுராஸ் எல்லையை ஒட்டிய ஹலாபா பள்ளத்தாக்கில் மண் சிவப்பு, ஈரமும் மேகமூட்டமும் அதிகம். அதனால் இலை சாது, இனிப்பு வாசனை. (எனக்குப் பிடித்தது ஹலாபாதான்.)

அப்புறம், எல்லாம் மண்ணின் வேலை அல்ல. வெயிலை அதிகம் வாங்கும் உச்சி இலையான லிஹெரோ, அதே வயலின் கீழ் இலையைவிடக் காட்டமாக இருக்கும். சுருட்டின் வெளியே சுற்றும் மேலுறை இலை ஈக்வடாரிலிருந்துகூட வந்திருக்கலாம். அங்கே மேகமே இலைக்கு நிழல்பந்தல். எனவே நாட்டின் பெயரை விட்டுவிட்டு, உள்ளே நிரப்பிய இலை எந்தப் பள்ளத்தாக்கு என்று பாருங்கள்.