புகை கக்கும் பெரிய ஆலை இல்லாத வன்னியில் காற்று எதனால் கெடுகிறது?

கேள்வி: காற்றை மாசுபடுத்தும் முக்கியமான பொருட்கள் எவை, அவை எங்கிருந்து வருகின்றன? வன்னி மாதிரி காடும் வயலுமான இடங்களில் இந்தப் பிரச்சினை இருக்காதுதானே?

இருக்கிறது. நான் இலங்கையின் வடக்கே, வன்னியில் கிளிநொச்சிப் பக்கத்து ஆள். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போர்க்காலத்தில் நின்றுபோன பிறகு, புகை கக்கும் பெரிய ஆலை என்று எங்கள் பக்கத்தில் காட்ட ஒன்றுமில்லை. ஆனால் காற்றைக் கெடுக்க ஆலை வேண்டியதில்லை. எதையாவது அரைகுறையாக எரித்தாலே போதும். அதை நாங்கள் நாள் தவறாமல் செய்கிறோம்.

முதலில் நுண்துகள். உடம்புக்கு அதிகம் கெடுதல் செய்வது இதுதான். பி.எம். 2.5 என்று செய்தியில் சொல்வது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான விட்டமுள்ள துகள்களை. தலைமுடியின் தடிப்பில் இருபதில் ஒரு பங்குகூட வராது. மூக்கும் தொண்டையும் இதைத் தடுத்து நிறுத்தாது. நுரையீரலின் அடிவரை போகும், மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கும். இருமல், இளைப்போடு நிற்காமல் மாரடைப்பு, பக்கவாதம் வரை கொண்டுபோவது அதனால்தான். ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. இலங்கை 2008இல் வைத்த சட்ட வரம்பு 25.

வன்னியில் இந்தத் துகள் எங்கே அதிகம் என்று கேட்டால், வாகனங்கள் ஓடும் ஏ9 நெடுவீதியைக் காட்டமாட்டேன், குசினியைத்தான் காட்டுவேன். இங்கே பெரும்பாலான வீடுகளில் இன்னும் விறகடுப்புத்தான். 2022இல் காஸ் சிலிண்டர் கிடைக்காமல் போனபோது, காஸுக்கு மாறியிருந்தவர்களும் விறகுக்குத் திரும்பினார்கள். வீட்டுத்திட்டத்தில் கட்டிய புது வீட்டின் சுவர் கரி பிடித்துவிடும் என்று பலர் பின்பக்கம் தகரத்தால் ஒரு கொட்டில் போட்டு அதற்குள் சமைக்கிறார்கள். மழைச் சாரல் அடிக்காமல் சுற்றிவரத் தறப்பாளும் கட்டிவிடுவார்கள். வீடு தப்பிவிடும், புகை முழுவதும் சமைப்பவருக்குப் போகும். மாரியில் விறகும் ஈரம். ஈர விறகு சரியாகப் பற்றாமல் புகைந்துகொண்டே இருக்கும். நுண்துகளோடு காபன் மொனொக்சைட்டும் பென்சீன் போன்ற ஆவிகளும் அதிலிருந்து கூடுதலாக வரும். பற்றவைக்கப் பிளாஸ்டிக் சொப்பிங் பையைச் செருகினால் நஞ்சு இன்னும் கூடும்.

என் அம்மாவுக்குப் பல வருடமாக இருமல். சளி, பனி என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு காட்டிய வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "விறகடுப்பிலயோ அம்மா சமைக்கிறனீங்கள்?" சுருட்டு, பீடியைத் தொட்டே பார்க்காத பெண்களுக்கும் புகைப்பிடிப்பவருக்கு வரும் அதே நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வரும் என்று அவர் விளக்கினார். வீட்டுக்குள் எரிக்கும் புகையால் உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 32 இலட்சம் பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்படியில் நிற்கும் பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கும் பிள்ளைகளும்தான் அந்தப் புகையை அதிகம் சுவாசிக்கிறார்கள். எனக்கு இதில் ஆத்திரம் உண்டு. வீதிப் புகையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இரவில் கொளுத்தும் நுளம்புத்திரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு திரி எரிந்து முடிய வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று ஓர் ஆய்வு கண்டது. சாத்திய அறைக்குள் அதைக் கொளுத்தாமல் நுளம்பு வலை கட்டுவது நல்லது.

அடுத்தது வைக்கோல். கையால் நெல்லை வெட்டிச் சூடு மிதித்த காலத்தில் வைக்கோல் போராகக் குவிந்து மாட்டுக்குப் போகும். இப்போது வெட்டு மெசின் அதை வயல் முழுக்கச் சிதறிவிட்டுப் போகிறது. அள்ளக் கூலி கட்டாது, அடுத்த உழவுக்கு நேரமில்லை, அதனால் நெருப்பு வைக்கிறார்கள். காலபோக அறுவடை முடிகிற தை, மாசியில் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல்களுக்குப் பக்கத்தில் விடியற்காலையில் நின்று பார்த்தால் தெரியும்: தரை குளிர்ந்து, மேலே இளஞ்சூட்டுக் காற்று மூடி நிற்பதால் முதல்நாள் புகை மேலெழும்பாமல் பள்ளக்காணியிலேயே படுத்திருக்கும். பனி என்று பலர் நினைப்பதில் பாதி புகை. வைக்கோலில் இருந்த தழைச்சத்தும் அதோடு போய்விடுகிறது. பிறகு அதே வயலுக்குக் காசு கொடுத்து யூரியா வாங்கிப் போடுகிறோம். அந்த யூரியாவிலிருந்து எழும் அமோனியா வாயு காற்றிலுள்ள அமிலங்களோடு சேர்ந்து திரும்பவும் நுண்துகள் ஆகிறது.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் புழுதி. உள் வீதிகள் பலவும் இன்னும் கிரவல்தான். மணலும் கிரவலும் ஏற்றிய ரிப்பர் லொறிகள் மூடாமல் ஓடும்போது எழுவது பெரும்பாலும் பி.எம். 10 வகையில் (10 மைக்ரோமீட்டர் வரை) சற்றுப் பெரிய துகள். இளைப்பு உள்ளவரை இது வருத்தும், ஆனால் புகையைப்போல ஆழமாக இறங்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நைதரசன் ஒட்சைட்டுகள் டீசல், பெற்றோல் இயந்திரங்களிலிருந்தும் மின்நிலையங்களிலிருந்தும் வருபவை. கந்தகவீரொட்சைட்டு, கந்தகம் உள்ள நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் வருவது. நமக்குத் தெற்கே நுரைச்சோலையில் இருக்கும் 900 மெகாவாட் நிலையம் நிலக்கரியில்தான் ஓடுகிறது. தரைமட்ட ஓசோனை யாரும் நேராக வெளிவிடுவதில்லை. நைதரசன் ஒட்சைட்டும் எரிபொருள் ஆவிகளும் வெயிலில் சேர்ந்து உண்டாவது அது. காற்று போகும் திசையில் தள்ளியிருக்கும் கிராமத்தில் நகரத்தைவிடக் கூடுதலாக இருப்பதும் உண்டு. பயிரின் விளைச்சலையும் குறைக்கும். ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நின்றது. அதனால் ஈயம் பெருமளவு குறைந்தது. ஆனாலும் பழைய பற்றரியை உடைத்து வளவில் உருக்குபவர்கள் இருந்தால் அங்கே பிள்ளைகளை விடாதீர்கள்.

இவ்வளவும் உள்ளூர்க் கணக்கு. வெளியிலிருந்தும் வரும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் தமிழ்நாட்டை நோக்கிப் போனபோது, இந்தியப் பக்கத்து மாசுபட்ட காற்று வாடையோடு எங்கள் மேல் வந்து இறங்கியது. வடக்கில் முதலில் கண்ணெரிச்சலும் மங்கலுமாகத் தெரிந்தது, பிறகு கொழும்பு வரை பரவியது. டிசம்பர் 9 அன்று நாடு முழுக்கப் பாடசாலைகளை மூடினார்கள். அந்த மாதிரி நாளில் வெளியே போகாமல் இருப்பதையும் நல்ல முகக்கவசத்தையும் தவிர நாம் செய்யக்கூடியது குறைவு.

அடுப்பு அப்படியில்லை, அது நம் கையில் இருக்கிறது. விறகை மாரிக்கு முன்னமே வெட்டிப் பிளந்து, கூரைக்குக் கீழே அடுக்கிக் காயவிடுங்கள். இரண்டு பானை வைக்கிற அனாகி மண் அடுப்பு விறகைக் குறைக்கும், ஆனால் அதற்குப் புகைக்கூடு இல்லை என்பதால் காற்றோட்டம் கட்டாயம் வேண்டும். தறப்பாளை எதிரெதிராக இரண்டு பக்கமாவது சுருட்டி மேலே கட்டுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சமைக்க வேண்டாம். அம்மாவுக்கு நாங்கள் புகைக்கூடு வைத்த அடுப்புக் கட்டிக்கொடுத்தோம். இருமல் முழுதாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது. நீங்களும் கட்டுவதாக இருந்தால் கூட்டைக் கூரை முகட்டுக்கு மேல் இரண்டடியாவது உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். தாழ்வாக விட்டால் சோளகம் அடிக்கும்போது புகை முழுவதும் திரும்பக் குசினிக்குள்ளேயே இறங்கும்.