புளிய எவன்டா பறிப்பான்

அன்புள்ள அண்ணா,
கிளைச்சிறை ஒண்ணுல வாரம் ரெண்டு நாள் எழுத்து, நாடகம்லாம் சொல்லித்தர பர்மிஷன் கிடைச்சிருக்கு. நீங்க இத பண்ணியிருக்கீங்கன்னு சொன்னாங்க. உள்ள பாதிப்பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம். செஞ்ச தப்ப எழுதச் சொல்லி ஆரம்பிக்கலாமா? நாடகத்துக்கு எந்தக் கதை எடுக்கலாம்?
- ஒரு வாசகர், பாலக்கோடு

வணக்கம் தம்பி,

தப்ப எழுதச் சொல்றது மட்டும் வேணாம். கிளைச்சிறையில இருக்கறவங்க பெரும்பாலும் ரிமாண்டு, பெரிய தண்டனை ஆச்சுன்னா நம்ம பக்கத்து ஆளுங்க சேலம் சென்ட்ரலுக்குப் போயிடுவாங்க. நாடு முழுக்கவே 2022 கணக்குல சிறையில இருக்கறவங்கள்ல நாலுக்கு மூணு பேர் விசாரணைக் கைதிங்கதான். வாய்தாவுக்குப் போய்ட்டு வந்துட்டு இருக்கற ஆள்கிட்ட தப்ப எழுதுன்னா தீர்ப்ப நீங்களே எழுதின மாதிரி, அந்த பேப்பர் நாளைக்கு யார் கைக்குப் போகும்னும் தெரியாது. நானும் மொத நாள் அதத்தான் கேட்டேன், பன்னெண்டு பேரும் ‘அம்மா பேச்சக் கேக்காம கெட்டேன்’னு ஒரே கதைய ஸ்கூல் கட்டுரை மாதிரி எழுதி நீட்டுனாங்க.

அடுத்த வாரம், உங்க வேலைய பத்தி சொல்லுங்கன்னு மாத்திட்டேன். ஊத்தங்கரை பக்கத்து பெரியவர் ஒருத்தர், கையெழுத்துக்கு பெருவிரல் வைக்கிறவரு, புளியமரம் குத்தகை எடுத்த கதைய சொல்ல சொல்ல, டிப்ளமோ படிச்ச பையன் ஒருத்தன் எழுதினான். படிச்சுக் காட்டுனப்ப ‘புளி பறிச்சோம்’னு வந்துச்சு பாருங்க, பெரியவருக்கு வந்த கோவம்! ‘புளிய எவன்டா பறிப்பான், மரத்துமேல ஏறி உலுக்கறதுடா, மாத்து’ன்னு. அவன் அடிச்சிட்டு எழுதினான். திரும்ப படிக்கச் சொன்னாரு, அப்பறமும் இன்னொரு வார்த்தை தப்புன்னாரு, அன்னிக்கு ஒன்றரை மணி நேரமும் அதுலயே போச்சு. எழுதப் படிக்கத் தெரியாதவர்னு இவர பத்திதான் எங்கிட்டயும் சொல்லியிருந்தாங்க.

நாடகத்துக்கு நம்ம கூத்தே போதும். திரௌபதியம்மன் திருவிழாவுல பாரதம் கேட்டு வளர்ந்தவங்க நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லா ரெண்டுலயும் நிறைய, பாட்டு வசனம்லாம் பாதி ஏற்கனவே மனப்பாடமா இருக்கும், பேப்பரே தேவையில்ல. அர்ஜுனன் தபசு மட்டும் கேக்காதீங்க, மதிலவிட ஒசரமான கம்பத்துல ஒருத்தர ஏத்திவிட எந்த ஜெயிலர் ஒத்துக்குவாரு! ஒட்டுமீசை, தாடி, கட்டை கத்தி எதுவும் உள்ள விடமாட்டாங்க, நாங்க பீமனோட கதாயுதத்துக்கு போர்வைய சுருட்டி வச்சுக்கிட்டோம். ராஜா வேஷத்த விட கோமாளியா வர்ற கட்டியக்காரன் வேஷத்துக்குத்தான் அங்க அடிதடி, ராஜாவ நேருக்கு நேரா கிண்டல் பண்ணலாம் இல்ல. எங்க கட்டியக்காரன் ‘களி திங்க வைப்பேன்னு மிரட்டுனாங்க மகராசா, நான் தருமபுரிக்காரன், வீட்லயும் அதான’ன்னு சொன்னப்ப வார்டருங்களே சிரிச்சுட்டாங்க.

மைசூர்ல ரங்காயணம்ங்கற நாடகக் குழுவுல இருந்த ஹுலுகப்பா கட்டிமனி ஆயுள் கைதிங்கள வச்சு பெரிய நாடகமே பண்ணி வெளிமேடைக்கும் கூட்டிட்டு வந்தவரு. அத பாத்துட்டு நானும் பிளான் போட்டு ஏமாந்தேன். அவருகிட்ட இருந்தவங்களுக்கு வருஷக்கணக்கா டைம் இருந்துச்சு, உங்க ஆளுக்கு நாளைக்கே ஜாமீன் கிடைக்கும், கிடைக்கணும்னுதான நாமளும் நினைப்போம். எங்க துரியோதனன் நாடகத்துக்கு மொத நாள் சாயங்காலம் பையத் தூக்கிட்டு கெளம்பிட்டாரு. மறுநாள் துரியோதனனா நின்னது புளியமரத்து பெரியவர், ஓரமா உக்காந்து தினம் கேட்டே மொத்த வசனமும் அவருக்குப் பாடம் ஆயிருந்துச்சு. அதனால ஒரு வேஷத்துக்கு ஒரு ஆள்னு பிரிக்காதீங்க, எல்லா வேஷமும் எல்லாருக்கும் தெரியட்டும், கதைய அரைமணி நேரத்துக்கு மேல இழுக்காதீங்க.

பேனா எத்தனை உள்ள போச்சோ அத்தனையும் எண்ணி வாங்கிட்டு வெளிய வாங்க, ஒண்ணு கொறஞ்சாலும் கேள்வி உங்களுக்கு இல்ல, உள்ள இருக்கற கைதிங்களுக்குத்தான். நோட்டு வாங்கறப்ப சுருள் கம்பி போட்டது வேணாம், கேட்லயே புடுங்கிடுவாங்க. நூல் தையல் போட்ட நாப்பது பக்க நோட்டா பாத்து வாங்குங்க.